கிணற்றடி நிழல்

ஆண்டில் இரண்டு நாட்கள் உச்சிவேளையில் சென்னையில் நிழல் காணாமல் போகும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்பின் நிழல் கம்புக்கடியிலேயே ஒடுங்கிவிடும். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து இதைக் காட்டுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். வருடா வருடம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அது என் பால்கனியில் இருந்த நான்கு கனகாம்பரத் தொட்டிகள் சம்பந்தப்பட்ட செய்தி என்பது 2017 மே மாதம்தான் மண்டையில் ஏறியது.

அந்தத் தொட்டிகளின் பூர்வீகம் ஒரு கிணற்றடி. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து மந்தைவெளிப் பக்கம் போகும் தெரு ஒன்றில் பாட்டியின் வீடு இருந்தது. முன்பக்கம் திண்ணை, பின்கட்டில் கிணறு, துவைக்கிற கல், இரண்டு தென்னை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு மதில். மதிலுக்கும் கல்லுக்கும் நடுவே கிடந்த ஆறடி மண்ணில் கனகாம்பரம் நின்றது. யார் நட்டது என்று யாருக்கும் நினைவில்லை. குளித்த தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் அந்த வழியாகத்தான் தென்னைக்கு ஓடும். போகிற போக்கில் இதற்கும் கிடைக்கும். பாட்டி அதற்கென்று தனியாக ஒரு செம்பு ஊற்றி நான் பார்த்ததில்லை. துளசிக்கு மாடமும் மல்லிகைக்குப் பந்தலும் இருந்த வீட்டில் கனகாம்பரத்துக்கு இருந்தது அந்த இடுக்கு மட்டும்தான்.

ஆனால் அந்த இடுக்கில் விழுந்த வெளிச்சத்தை இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மதில் ஏறி வருகிற வெயிலைத் தென்னங்கீற்று சீவி, ஈர்க்கு ஈர்க்காகச் செடிமேல் போடும். காற்றடித்தால் கோடுகள் இடம் மாறும். ஒரு இலையின் மேல் தொடர்ந்து பத்து நிமிடம் வெயில் நின்றிருக்காது, ஒரு இலையும் வெயிலே படாமல் இருந்திருக்காது. கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சொந்த ஊராகக் கொண்ட செடி. பெரிய மரங்களுக்கு அடியில் இடுப்பளவு வளர்கிற புதர் இனம். மேலே யாரோ ஒருவர் வெயிலை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கீழே விட வேண்டும். பாட்டி வீட்டில் தென்னை அதைச் செய்தது.

இப்படிச் சொல்லும்போது ஒரு ஆட்சேபணை வரும், வரவேண்டியதுதான். நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயிகள் கனகாம்பரத்தைத் திறந்த வெளியிலேயே பாத்தி கட்டிப் போடுகிறார்களே, அங்கே எந்தக் கீற்று சீவுகிறது? நியாயம். தென்னந்தோப்பில் ஊடுபயிராகவும் போடுவார்கள், வெட்டவெளியிலும் போடுவார்கள். தண்ணீர் தாராளமாக இருந்தால் வெட்டவெளிச் செடி கூடுதலாகவே பூக்கும். வித்தியாசம் தரைக்கு மேலே இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்தேன். தரைக்குக் கீழே இருக்கிறது. நிலத்தில் வேரூன்றிய செடிக்கு உச்சி வெயிலிலும் கால் குளிர்ந்திருக்கும். சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்த தொட்டியில், அதுவும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், மத்தியானம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மாடிச் செடி நிழல் கேட்பது பாதி இலைக்காக, பாதி வேருக்காக.

*

பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ரசிப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை. மல்லிகை, முல்லை, ஜாதி, தாழம்பூ, மருக்கொழுந்து, தவனம் என்று மூக்கை வைத்தே பூவை மதிப்பிட்ட ஊரில் இது ஒரு குறைதான். வாசமில்லாத பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பாள் பாட்டி. அதையே பேத்தியின் பின்னலில் வைக்கத் தயங்கமாட்டாள். கதம்பத்தில் மட்டும் இரண்டு தரப்பும் சமாதானம்: வாசத்துக்கு மருவும் தவனமும், வெள்ளைக்கு மல்லி, நிறத்துக்கு இது. மராத்தியில் இதற்கு அபோலி என்று பெயர். பேசாதவள் என்று அதற்கு அர்த்தம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வாசனையைப் பேச்சாக எடுத்துக்கொண்டால் பொருத்தமான பெயர். நம் ஆட்கள் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: கனக அம்பரம், பொன்னாடை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வருகிற 99 பூக்களில் இந்தப் பெயர் இல்லை. கனகமும் அம்பரமும் வடசொற்கள், பெயர் பின்னால் வந்தது. அதற்கு முன்னால் மலையடிவாரத்தில் இதை என்னவென்று கூப்பிட்டார்களோ.

நிறம் என்று சொன்னேன். பனகல் பூங்கா எதிரே பட்டுக்கடைகளில் 'கனகாம்பரக் கலர்' என்று கேட்டால் விற்பனையாளர் யோசிக்காமல் ஒரு அடுக்கை உருவிப் போடுவார். ஆரஞ்சு இல்லை, செங்கல் இல்லை, பழுத்த பப்பாளிக்குள் ரோஜாத் தண்ணீர் கலந்த மாதிரி ஒன்று. கேட்கிறவர்களில் எத்தனை பேர் செடியைப் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. செடி கொல்லையை விட்டுப் போன பிறகும் நிறம் தறியில் தங்கிவிட்டது.

வடிவம் இன்னும் விசேஷம். பூவின் இதழ் ஐந்து பிரிவாக இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, கைவிசிறியை விரித்துப் பிடித்த மாதிரி நிற்கும். பச்சைக் கதிரில் கீழிருந்து மேலாக, அடுக்கடுக்காக மலரும். ஒரு கதிர் பூத்து முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் பறிப்பது. கதிரிலிருந்து உருவும்போது மெல்லிய குழாய் மாதிரி ஒரு காம்பு கூடவே வரும். அதில்தான் நார் சுற்ற வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் கழன்று விழும். வடக்கு மாட வீதியில் பூ கட்டும் பெண்கள் வண்டிக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டே பார்க்காமல் கட்டிக்கொண்டு போவார்கள். பூவுக்கு எடையே இல்லை என்பதால் தராசில் ஏறும்போது விலை கண்ணைக் கட்டும். கிலோக் கணக்கில் மல்லிகையைத் தாண்டிப் போகிற நாட்கள் உண்டு. வாசனை இல்லை என்று சொல்பவர்கள் கோயம்பேட்டில் ஒருநாள் காலை விலை விசாரித்துவிட்டு வரலாம்.

என் வயதுப் பெண்கள் பள்ளிக்கூடம் போகும்போது இரட்டைப் பின்னலின் குறுக்கே கனகாம்பரத்தைப் பாலம் மாதிரி வைத்துக்கொண்டு போவோம். கல்லூரிக்கு வந்ததும் அது பட்டிக்காட்டுத்தனம் ஆகிவிட்டது. யார் அப்படித் தீர்மானித்தது என்று சொல்லமுடியாது; ஒருநாள் வைத்துக்கொண்டு போனேன், அடுத்த நாள் வைக்கவில்லை.

*

1998இல் வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுத்தோம். பில்டர் வரைபடத்தை விரித்து, உங்களுக்கு வடக்குப் பார்த்த பால்கனி, வெயிலே எட்டிப்பார்க்காது, ஏசி பில் மிச்சம் என்றார். கிணறு மூடப்பட்ட அன்று பாட்டி அறைக்குள்ளேயே இருந்தாள். மறுநாள் காலை, தென்னையை வெட்ட ஆள் வருவதற்கு முன்னால், நாலைந்து கனகாம்பரத்தை மண்ணோடு பெயர்த்து அரிசி டின்னில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு முன் அந்தச் செடிக்கென்று அவள் ஒரு செம்பு ஊற்றிக்கூட நான் பார்த்ததில்லை என்று சொன்னேன் அல்லவா.

புது வீட்டுக்கு வந்த முதல் பதினெட்டு வருடம் எனக்குக் கனகாம்பரம் வளர்ப்பதில் ஒரு திறமை இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் கொஞ்சம், மக்கிய சாண எரு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பூத்து முடித்த கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் இரண்டு கிளை வரும். வருடத்துக்கு ஒருமுறை கவாத்து. பார்க்கிறவர்களிடம் இதையெல்லாம் பாடம் மாதிரி சொல்வேன். பாட்டி இருந்தவரை சிரித்துக்கொண்டிருப்பாள். தெருவில், பால்கனிக்கு நேர் எதிரே, ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றதை அந்தப் பாடத்தில் நான் ஒருநாளும் சேர்த்ததில்லை.

2016 டிசம்பர் 12. முதலமைச்சர் இறந்து ஒரு வாரம், செல்லாத நோட்டு அறிவித்து ஒரு மாதம். ஏடிஎம்மில் பணமில்லாத, மனதில் தெம்பில்லாத ஊருக்குள் வர்தா புயல் நுழைந்தது. சாயங்காலம் காற்று அடங்கிப் பார்த்தபோது தெரு முழுக்கப் பச்சை. தூங்குமூஞ்சி வேரோடு சாய்ந்து, நடைபாதைக் கல்லைத் தட்டு மாதிரி தூக்கிக்கொண்டு கிடந்தது. மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் அப்படியே. அழகுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டு, சுற்றிலும் கான்கிரீட் பூசிய மரங்களுக்கு வேர் எங்கே போகும்? பூவரசும் புங்கமும் கிளை முறிந்து மொட்டையாக நின்றன, ஆனால் நின்றன. கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. சம்பந்தர் பூம்பாவைக்காகப் பாடிய பதிகத்தில் மயிலாப்பூர் புன்னையும் தென்னையும் நிறைந்த கடற்கரை ஊராக வருகிறது. கடற்காற்றை அறிந்த மரங்கள். பூப்பறிக்கப் போன நந்தவனத்தில்தான் பூம்பாவையைப் பாம்பு தீண்டியது என்று கதை. அந்த நந்தவனத்தில் தென்னைக்கடியில் என்ன பூ இருந்திருக்கும் என்று யோசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

மரம் போன முதல் நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பனிக்கால வெயில் தெற்கிலிருந்து வரும், கட்டடமே தடுத்துக்கொள்ளும். வடக்குப் பால்கனி என்றால் நிழல் என்று குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் சொல்வதும் சரிதான் என்று இருந்தேன். மே முதல் வாரம் இலைகளின் ஓரம் சுருண்டது. இரண்டாவது வாரம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று இருவேளை ஊற்றினேன். சூடான மண்ணில் தண்ணீரும் சூடாகி, வேர் வெந்தது.

அப்போதுதான் அந்தப் பழைய பேப்பர் படம் நினைவுக்கு வந்தது. சென்னை 13ஆவது அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24இல் தலைக்கு மேல் வருகிற சூரியன் அதோடு நிற்பதில்லை. நம்மைத் தாண்டி வடக்கே போகிறது. ஆகஸ்ட் 18இல்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம், அதுவும் அக்கினி நட்சத்திரத்தை உள்ளடக்கிய காலம், நம் ஊரில் வெயில் வடக்குச் சுவருக்கு. தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். பில்டர் பொய் சொல்லவில்லை, பாவம். அவர் டிசம்பரில் வரைபடத்தைக் காட்டினார். பதினெட்டு வருடம் கோடை வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது அந்த மரம். என் செடிகளுக்குத் தென்னையின் இடத்தில் தூங்குமூஞ்சி இருந்திருக்கிறது, நான் கதிர் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்கில் இரண்டு தொட்டி அந்த மே மாதம் போயிற்று.

*

போன இடத்துக்கு மீன்பாடி வண்டியில் செடி கொண்டுவருகிறவரிடம் இரண்டு வாங்கினேன். 'நெழல்லயே வரும்மா, டில்லி கனகாம்பரம், பூ கொட்டும்' என்றார். கொட்டத்தான் செய்தது. நாட்டுச் செடியைவிடப் பெரிய பூ, அடர்த்தியான கதிர், வருடம் பூராவும் பூ. ஏதோ ஒன்று குறைகிறதே என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. ஐப்பசி மழை வந்தபோது புரிந்தது. அது வெடிக்கவில்லை.

நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த காய் நனைந்தால் வெடிக்கும். கதிர் பழுப்பாகிக் காய்ந்து காத்திருக்கும். முதல் மழைத்துளி பட்டதும் 'டிக்' என்று பிளந்து விதையைச் சில அடி தூரம் வீசும். ஆங்கிலத்தில் இதைப் பட்டாசுப் பூ என்று அழைப்பது அதனால்தான். நாமெல்லாம் சின்ன வயதில் எச்சில் தொட்டுக் கையில் வைத்து வெடிக்கவிட்ட வெடிக்காய்ச் செடி இதற்குச் சொந்தக்காரன். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மார்கழிப் பின்னல்களில் வரும் டிசம்பர் பூவும், சளிக்குக் கஷாயம் வைக்கிற ஆடாதோடையும், டெங்கு பயத்தில் ஊரே வரிசையில் நின்று குடித்த நிலவேம்பும் அதே குடும்பம்தான். பெரிய வீடு, எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. மழைநாள் இரவில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த 'டிக் டிக்' கேட்பது பாட்டிக்குப் பிடிக்கும். பாட்டி போன பிறகு எனக்கு.

டில்லி ரகம் மும்மடியம். குரோமோசோம் கணக்கு இரட்டைப்படையில் ஒத்துவராததால் விதை பிடிக்காது. குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். விதைக்குச் செலவழிக்காத சக்தி பூவுக்குப் போகிறது, விவசாயிக்கு லாபம். டில்லிக்கும் இதற்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்காதீர்கள். பூவில் அபோலி என்றால் காயில் இதுதான் அபோலி. மழை பெய்த இரவு என் பால்கனியில் இரண்டு தொட்டி பேசும், இரண்டு தொட்டி கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தச் செடிக்குத் தாவரவியல் பெயர் வைத்த ஆங்கிலேயர் சாலிஸ்பரி. லண்டன் தோட்டங்களில் வளர்ந்த செடிகளைப் பற்றிய புத்தகத்தில், 1805இல். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'குஞ்சம் வைத்த ஆண்' என்று பொருள் வரும். மகரந்தப் பையின் ஓரத்தில் இருக்கிற நுண்ணிய விளிம்பைப் பார்த்து வைத்தது. குளிர்நாட்டில் கண்ணாடிக்கூண்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்திருப்பார்கள். பிற்பாடு ஸ்வீடனில் ஜன்னலோரத் தொட்டிக்கென்றே குட்டையாக ஒரு ரகத்தை உருவாக்கி, 'மோனா வால்ஹெட்' என்று பெயரிட்டார்கள். நம் கிணற்றடிச் செடி அங்கே மேஜை அலங்காரம். அது மாதிரி ஒன்றை இங்கே கத்தீட்ரல் சாலைப் பக்கம் நர்சரியில் தேடிப் பார்த்தேன். 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கமும், டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010இல் வந்த செம்மொழிப் பூங்காவும் கண்ட சாலை. சென்னையில் செடி தேடுகிறவர்கள் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். பீஸ் லில்லி, ஆந்தூரியம், பெகோனியா எல்லாம் நிழல் செடி என்று பலகை போட்டு அடுக்கியிருந்தார்கள். கனகாம்பரம் கேட்டதற்கு, பின்னால் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றார் ஒருவர். பின்னால்தான் இருந்தது, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

*

நிழல் மட்டும் போதாது என்று 2019 கற்றுக்கொடுத்தது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்ட வருடம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வந்தபோது அதை வரவேற்கவே ஆட்கள் போனார்கள். மெட்ரோ தண்ணீர் நின்று, லாரிக்குப் பதிவு செய்து வாரக்கணக்கில் காத்திருந்தோம். செடிக்கு அரிசி கழுவின தண்ணீர். அது தீர்ந்தால் ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீர். வீணாகப் போகிறதே என்று பிடித்து ஊற்றியதுதான் தப்பு. உப்பையெல்லாம் திரட்டி வெளியே தள்ளுகிற தண்ணீர் அது. கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை மாதிரி தெரிந்தது. மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறினால் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்கமுடியாது; கனகாம்பரம் இதை மற்றச் செடிகளுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துச் சாயங்காலத்தில் இலைமேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். திரும்பியது. ஆனால் டில்லித் தொட்டி ஒன்று அடுத்த வருடம் பகலில் வாடுவதும் இரவில் தேறுவதுமாக ஒரு வாரம் இருந்துவிட்டு ஒரேயடியாகச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருந்தது. நூற்புழு. அது வேரைக் கடித்த வழியாகப் பூசணம் புகுந்து வாடவைக்கும். வேப்பம்புண்ணாக்கும், பக்கத்தில் ஒரு துலுக்கச் சாமந்தியும் முன்பே வைத்திருக்க வேண்டும். சாய்ந்த பிறகு எதுவும் செய்வதற்கில்லை, மண்ணைக்கூடத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

தி.நகரில் சித்தி வீடு வேறு விதம். பசுல்லா ரோடு. மாம்பலம் பக்கத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டாக்கிய அந்த நகரை, வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தோட்டம் இருக்கும் என்று நினைத்துத்தான் வகுத்திருக்க வேண்டும். சித்தி வீட்டு மாமரம் 2005 வரை இருந்தது. இப்போது பக்கத்தில் ஏழு மாடி. வெயில் பிரச்சினையே இல்லை, பகலில் விளக்குப் போட்டுத்தான் சமையல். நான் கொடுத்த கனகாம்பரம் அங்கே நெஞ்சளவு வளர்ந்தது, கரும்பச்சையில் கையகல இலை. ஒரு கதிர்கூட இல்லை. 'உன் செடி ஆண் செடியோ என்னவோடி' என்றாள் சித்தி. அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்தின் கீழே போய் நின்றால் இதே விஷயம் பெரிய அளவில் தெரியும். தாய்மரம் 1989 காற்றில் சாய்ந்தும் விழுதுகள் பரந்து நிற்கிற அந்த நிழலில் மனிதர்கள் உட்காரலாம், கூட்டம் போடலாம். பூ எதிர்பார்க்கக்கூடாது.

என் வீட்டுக்கும் அந்த நிலைமை வந்தது. கிழக்கே இருந்த ஓட்டுவீட்டை இடித்து 2021இல் ஐந்து மாடி எழும்பியது. காலை வெயில் போயிற்று. போதாததற்கு, அந்தக் கட்டடத்தின் ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் எல்லாம் நம் பக்கம் பார்த்து மாட்டப்பட்டன. வெயில் இல்லாமலேயே இலை கருகுவதை அப்போதுதான் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்குச் சூடான காற்று. மரத்தின் நிழல் குளிர்ச்சியை விடும், கட்டடத்தின் நிழல் பக்கத்து வீட்டுக்காரரின் உஷ்ணத்தை விடும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல வசனம்தான், மூன்று வருடம் ஓடியது. நாட்டுத் தொட்டி இரண்டையும் வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்தேன், ஸ்வீடன்காரர்கள் மாதிரி. பூ நின்றது. காய் நின்றது. ஐப்பசி இரவுகள் அமைதியாயின. போன வருடம் அந்த இரண்டும் போய்விட்டன.

*

கட்டடத்துக்கும் கிழக்கு மதிலுக்கும் நடுவில் ஐந்தடிச் சந்து ஒன்று உண்டு. போர் மோட்டார், உடைந்த கம்மோடு, யாரோ கழற்றிப் போட்ட கதவு. யாரும் போவதில்லை. மோட்டார் ஓடவில்லை என்று பார்க்க இந்த ஆவணியில் இறங்கினேன்.

மதிலோரம், சிமெண்ட் பெயர்ந்த இடத்தில், கனகாம்பரம் நின்றது. ஒன்று இரண்டல்ல, மோட்டார் அறை வரை வரிசையாக. என் பால்கனியின் கிழக்கு மூலை நேர் மேலே. எந்த மழையில் எந்தக் கதிர் வெடித்து விழுந்ததோ. இலை பளபளவென்று பச்சை, அன்னபேதி கண்டிராத பச்சை. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கட்டடத்து ஏசிகளின் குழாய்கள் எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் தொங்குகின்றன. சொட்டுச் சொட்டாக மதிலடியில் விழுந்துகொண்டிருக்கிறது. காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர், உப்பே கிடையாது. கோடை ஏற ஏற ஏசி அதிகம் ஓடும், தண்ணீர் அதிகம் சொட்டும். வெயில்? வடக்குத் தெற்காக ஓடுகிற ஒடுங்கிய சந்து அது. இரண்டு பக்கமும் ஐந்து மாடி. சூரியன் உச்சிக்கு வரும்போது மட்டும் ஒரு மணி நேரம் நேராக உள்ளே இறங்கும், அப்புறம் சுவர். நான் எந்த உச்சி வெயிலிலிருந்து செடியைக் காப்பாற்றப் பார்த்தேனோ அந்த வெயிலையே, கால் ஈரத்தில் இருக்க, அது வாங்கிக்கொண்டிருந்தது.

கதிர்கள் பாதிக்கு மேல் உருவப்பட்டிருந்தன. வாட்ச்மேன் வீட்டம்மா துணி உலர்த்த வந்தாள். தலையில் இருந்தது.

"யாரும்மா இதை நட்டது?"

"யாரும் நடலம்மா. தானா மொளச்சது. நான் ஒருநாள் வுட்டு ஒருநாள் பறிச்சிக்கிறேன். ஏன், உங்களுதா?"

என்ன சொல்வது என்று தெரியவில்லை. பாட்டியுடையது என்று சொல்ல வாயெடுத்து, மோட்டாரைப் பற்றிக் கேட்டேன். அவள் விழுப்புரம் பக்கம். ஊரில் கொல்லையில் இதே செடி இருக்கிறதாம், மாட்டுக் கொட்டகை ஓரத்தில்.

"காஞ்ச கதிரு நாலு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்கம்மா," என்றவள் வானத்தைப் பார்த்தாள். மந்தைவெளிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. "ஆனா சீக்கிரமா மேல போயிடுங்க. நனைஞ்சா கையிலயே வெடிச்சிடும்."